மாலத்தீவு போகுமுன்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய ரிசார்ட்டைப் பார்த்தேன். அறை வாடகை உண்மையிலேயே மலிவுதான். இருந்தாலும் இன்றைக்கே பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்வரும் கட்டணம் தனி, அது கட்டாயம் என்று ஒரு வரி இருக்கிறது. மாலத்தீவில் மொத்தச் செலவும் அந்த வரியில்தான் தொங்குகிறது. மற்ற ஊர்களில் அறையைப் பிடித்துவிட்டு டாக்சியைப் பற்றி யோசிக்கலாம். இங்கே முதலில் படகைப் பார்க்க வேண்டும், பிறகு விமான டிக்கெட், அறை கடைசியில்தான்.

காரணம் நில அமைப்பு. வேலானா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. ஒரு பக்கம் ஹுல்ஹுமாலே என்ற பக்கத்துத் தீவுக்குச் சாலை உண்டு. இன்னொரு பக்கம் தலைநகர் மாலேவுக்கு 2018இல் திறந்த பாலம். டாக்சியும் பஸ்ஸும் அதோடு சரி. மற்ற தீவுகளுக்குக் கடல்வழி, இல்லையென்றால் வான்வழி. ஒரு ரிசார்ட் என்றால் ஒரு தீவு, அங்குள்ள படகுத்துறையும் அவர்களுடையதே. வெளியில் பேரம் பேசி ஒரு படகைப் பிடித்துக்கொண்டு போய் இறங்க முடியாது. அறையில் விட்டதைப் படகில் பிடித்துவிடும் ரிசார்ட்டுகள் உண்டு.

நீங்கள் பார்த்த தீவுக்குக் கடல் விமானம்தான் வழி. நீரில் ஏறி நீரில் இறங்கும் ட்வின் ஓட்டர் விமானம் அது, பதினைந்து பேர் வரை உட்காரலாம். போக வர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை கேட்பது சாதாரணம். இரண்டு வயதுக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் பதினொன்று வரை பெரும்பாலும் பாதிக் கட்டணம். 500 டாலர் என்று வைத்தால் நீங்கள், அத்தான், உங்கள் மாமியார் மூவருக்கும் 1,500, குட்டிப்பையனுக்கு 250. ஆக 1,750 டாலர் அறைக்கு வெளியே போகிறது. அதன்மேல் வரி சேருமா என்பது தனிக் கேள்வி. சுற்றுலாச் சேவைகள் மீதான வரி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். சில இடங்களில் 10 சதவீத சேவைக் கட்டணமும் ஒட்டிக்கொள்ளும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி தெரிந்தால் இந்த இரண்டும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் உங்கள் விமானம் தரையிறங்கும் நேரம். மாலை 4.40 என்று எழுதியிருக்கிறீர்கள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும், ஏனென்றால் விமானி அலையையும் பவளப்பாறையையும் கண்ணால் பார்த்துத்தான் நீரில் இறக்குகிறார். மாலத்தீவு பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் எந்த மாதமானாலும் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும். அதனால் பெரும்பாலான ரிசார்ட்டுகள் மதியம் 3.30க்குள் தரையிறங்குபவர்களை மட்டுமே அன்றைக்கே ஏற்றிச் செல்லும். நீங்கள் ஓர் இரவு ஹுல்ஹுமாலேயில் தங்கி மறுநாள் காலையில் போக வேண்டியிருக்கும், ரிசார்ட்டில் அந்த முதல் இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டியிருப்பீர்கள். திரும்பும்போதும் அப்படியே. காலை ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்பும் விமானத்தைக் கடல் விமானத்தில் வந்து பிடிக்க முடியாது.

இன்னொன்று: கடல் விமானத்துக்கு நேர அட்டவணை கிடையாது. எந்தெந்தத் தீவுக்கு எத்தனை பேர் என்று பார்த்து முந்தின நாள் மாலையில்தான் நேரம் ஒதுக்குவார்கள். வழியில் இன்னும் இரண்டு தீவில் இறக்கிவிட்டுப் போகும். மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேரலாம். பெட்டி ஒருவருக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ, கூடினால் கிலோ கணக்கில் பணம். மேலிருந்து பவளத்தீவுகளைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. முழங்கால் வலியோடு குறுகலான ஏணியில் ஏறிக் குனிந்து நுழைய வேண்டிய மாமியாரையும் நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

உள்நாட்டு விமானமும் ஸ்பீட்போட்டும் சேர்ந்த வழி ஒன்று இருக்கிறது. தரவந்தூ, மாமிகிலி போன்ற தீவுகளில் ஓடுபாதை இருப்பதால் இருட்டிய பிறகும் விமானம் போகும். தூரத்து ரிசார்ட்டுக்குத்தான் அது பயன்படும். உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது ஸ்பீட்போட் போகும் தூரத்தில் உள்ள தீவு. அதிலும் இரண்டு வகை. வடக்கு, தெற்கு மாலே அட்டோல்களில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ரிசார்ட்டுகள் தங்கள் படகையே அனுப்பும், ஆளுக்குப் போக வர 80 முதல் 250 டாலர் வரை ஆகும். மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்தால் நேரப்படி ஓடும் பொது ஸ்பீட்போட் இருக்கிறது. அருகிலுள்ள தீவுகளுக்கு ஒரு வழிக்கு ஏறக்குறைய 20 முதல் 35 டாலர். 30 என்று வைத்து, பிள்ளைக்குப் பாதி போட்டால், நால்வருக்கும் போக வர 210 டாலர். 1,750 எங்கே, 210 எங்கே. இன்னும் குறைக்க வேண்டுமானால் அரசு ஃபெர்ரி சில டாலருக்கே போகும். ஆனால் அது ஓடும் தடவைகள் குறைவு, வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று பெரும்பாலும் ஓடாது. பெட்டிகளோடு மாலேவுக்குப் போய் ஏற வேண்டும் என்பதால் மாமியாரை வைத்துக்கொண்டு அந்த மிச்சம் பிடிக்கத் தேவையில்லை.

எந்தத் தீவு என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லோரும் மாஃபுஷி என்பார்கள். படகுகள் அதிகம், விலையும் போட்டியில் இறங்கியிருக்கிறது. ஆனால் அது தெற்கு மாலே அட்டோலில் இருக்கிறது. இரண்டு அட்டோலுக்கும் நடுவில் வாதூ கால்வாய் என்ற ஆழமான திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அட்டோலுக்குள் பவளப்பாறை வளையம் அலையைத் தடுத்துவிடும், கால்வாயில் தடுக்க ஒன்றும் இல்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் படகு தூக்கித் தூக்கிப் போடும். நீங்கள் ஆகஸ்டு என்கிறீர்கள். ஆகையால் வடக்கு மாலே அட்டோலில் ஹிம்மஃபுஷி, ஹுரா, துலுஸ்தூ பக்கம் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், பெருங்கால்வாய் எதையும் கடக்க வேண்டியதில்லை.

படகில் உட்காரும் இடமும் முக்கியம். முன்பக்கம் காட்சி நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் ஓடுவார்கள். அலையில் ஏறி விழும்போது மொத்த அடியும் அங்கேதான் இறங்கும், முதுகெலும்பு அடிபட்டவர்கள் உண்டு. மாமியாரைப் பின்பக்கம், இன்ஜினுக்கு முன் வரிசையில், நடுவாக உட்கார வையுங்கள். புகை வாடை கொஞ்சம் வரும், பரவாயில்லை. வாந்தி மாத்திரை எடுப்பவர்கள் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னால் எடுத்தால்தான் வேலை செய்யும். படகு அசையத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. துறையில் ஏறி இறங்கும் இடத்தில் நீர்மட்டத்தைப் பொறுத்துப் படகு ஒரு படி தாழ்ந்து நிற்கும். படகுப் பையன் கை கொடுப்பான், கையிலிருக்கும் பையை முதலில் அவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கச் சொல்லுங்கள்.

கெஸ்ட் ஹவுஸுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: படகின் பெயர் என்ன, விமான நிலையத் துறையிலிருந்தே கிளம்புமா, அல்லது மாலேயில் ஏற வேண்டுமா? நான் வரும் கிழமையில் கடைசிப் படகு எத்தனை மணிக்கு? என் விமானம் தாமதமானால் அடுத்த படகில் இடம் மாற்றுவீர்களா, பணம் கூடுமா? நாலு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? மேற்கூரை மூடியிருக்குமா, இன்ஜின் ஒன்றா இரண்டா? சொன்ன விலை வரி சேர்த்தா, போக மட்டுமா, போக வரவா?

இரட்டை இன்ஜின் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நடுக்கடலில் ஒன்று நின்றால் மற்றொன்றில் கரை சேரலாம் என்பதுதான் அதன் பொருள். படகின் பெயரையும் ஒரு காரணத்தோடுதான் கேட்கச் சொல்கிறேன். துறையில் ஒரே தீவுக்கு நாலைந்து கம்பெனிப் படகுகள் நிற்கும். பெயர் தெரிந்தால் யாரும் உங்களைத் தவறான படகில் ஏற்றி இரண்டாவது முறை காசு கேட்க முடியாது.

தரையிறங்கிய நேரத்துக்கும் படகு நேரத்துக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விடுங்கள். குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்க ஸ்கேன் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 4.40க்கு இறங்கினால் 6.15க்கு மேல் ஒரு படகு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹுல்ஹுமாலே. டாக்சியில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். கேட்டால் பல கெஸ்ட் ஹவுஸ்கள் வண்டி அனுப்பும். கடைசிப் படகு போன பிறகு, தனிப்படகு இருக்கிறது என்று யாராவது அணுகினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குச் சில நூறு டாலர் கேட்பார்கள். விளக்கில்லாத பவளத்திட்டுகளுக்கு நடுவே தெரியாத ஓட்டுநரோடு இருட்டில் போவது தேவையற்ற ஆபத்து. வானிலை மையம் மஞ்சள் அல்லது அதற்கு மேலான எச்சரிக்கை விட்டிருந்தால் பகலிலும் கெஸ்ட் ஹவுஸைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கிளம்புவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் பயணி அறிவிப்பு நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி. வழியில் டியூட்டி ஃப்ரீ கடையில் அத்தான் பாட்டில் எதுவும் வாங்க வேண்டாம், சுங்கத்தில் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் தருவார்கள். மாமியார் பூஜைக்கு விக்கிரகம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டு வர அனுமதி இல்லை.

வெளியே வந்ததும் எதிரிலேயே கடல் தெரியும், படகுத்துறை அங்கேதான். 2025இல் புது முனையம் திறந்திருப்பதால் பழைய வீடியோக்களில் சொல்லும் கவுன்டர் எண்களை நம்ப வேண்டாம். பெயர்ப்பலகை பிடித்திருப்பவரைக் கண்டதும் உங்கள் பெயரை நீங்களே சொல்லாமல், யாருக்காக வந்தீர்கள் என்று அவரைச் சொல்ல வையுங்கள்.

திரும்பும் நாளில் பலர் தடுக்கி விழும் இடம் கடிகாரம். மாலே நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகள் சூரிய வெளிச்சத்தைக் கூட்டிக் காட்ட மாலேவைவிட ஒரு மணி நேரம் முன்னால் தங்கள் தீவுக் கடிகாரத்தை வைத்திருக்கும். ரிசார்ட்டுக்கே போவதாக முடிவெடுத்தால் படகு எட்டு மணிக்கு என்றதும் தீவு நேரமா மாலே நேரமா என்று கேளுங்கள். போனில் தானாக மாறும் நேரம் மாலே நேரத்தைத்தான் காட்டும். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போது துறையில் வந்து இறங்கும் படகாகப் பாருங்கள். அதற்கு முந்தின படகு எது என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்டில் படகு ரத்தாவது உண்டு. வெளியேறும்போதும் இமுகா படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். முந்தின இரவே முடித்துவிடுங்கள்.

துலுஸ்தூவில் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

அன்புடன்,
தம்பி