டிக்கெட் விலை குறையாமல் இருக்கைகள் நிரம்பாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டும் கால்பந்தும் நிறைந்திருக்கின்றன. வட இங்கிலாந்தில் வாழும் எங்களைப் போன்றவர்களின் ஊர்களில் அவற்றுக்கு நிகராக நேசிக்கப்படும் றக்பி லீக் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க வருவோரின் எண்ணிக்கை பற்றியும், அவர்களிடம் வாங்கப்படும் டிக்கெட் விலை பற்றியும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மேற்கு யோர்க்ஷயரில், கழக மைதானத்துக்குப் போகும் வீதியில், இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலசரக்குக் கடை நடத்தி வருகிறேன். ஆட்ட நாளில் எவ்வளவு சனம் போகிறது என்பதை நான் தலை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, அன்றைய வியாபாரமே சொல்லிவிடும். சில ஆண்டுகளாக அது சொல்லிவரும் செய்தி எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பால் வாங்க வந்தார். நெடுநாள் வாடிக்கையாளர். ஆட்ட நாட்களில் பேரன்மார் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு மிட்டாய்ப் பொதி வாங்கிக் கொடுத்துவிட்டு மைதானத்தை நோக்கி நடப்பார். அன்று தனியே வந்திருந்தார், கழுத்தில் கழகத்தின் ஸ்கார்ஃபும் இல்லை. இன்று போகவில்லையா என்று கேட்டேன். மேசையில் கிடந்த லொத்தர்ச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, என்னிடம் பேனா வாங்கி, தனக்கு எவ்வளவு, பிள்ளைகள் இருவருக்கும் எவ்வளவு, இணையத்தில் வாங்குவதற்கான முன்பதிவுக் கட்டணம் எவ்வளவு, பேருந்துக்கு எவ்வளவு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் தீனிக்கு எவ்வளவு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கீழே ஒரு கோடு கிழித்தார். கூட்டுத்தொகையை எழுதாமலே பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு, வானொலியில் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லிப் பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சீட்டை நான் எறியவில்லை. அதில் இருந்த தொகை பணக்காரர் ஒருவருக்குப் பெரிதல்ல. ஆனால் பிரித்தானியாவின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெலிங்லி 2015 டிசம்பர் 18 அன்று மூடப்பட்ட பின், ஓய்வூதியத்திலும் களஞ்சிய வேலைகளிலும் காலந்தள்ளும் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அத்தொகையைப் புரட்டுவது எளிதான காரியமன்று.

இலங்கையில் பாடசாலைகள் ஆடும் 15 பேர் கொண்ட றக்பியை மட்டும் அறிந்த வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது 13 பேர் ஆடும் வேறு ஆட்டம். அது பிரிந்துவந்த கதை கூலியைப் பற்றிய கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சனிக்கிழமைகளிலும் வேலை இருந்தது. ஆட வந்த ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யக் கழகங்கள் பணம் கொடுக்கலாம் என்ற யோசனையை, அன்று ஆட்டத்தை நிர்வகித்த றக்பி யூனியன் 1893-இல் நிராகரித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிய வடபுலக் கழகங்கள், நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு கொடுக்கலாம் என்று தீர்மானித்துத் தனி வழி போயின. 1906-இல் ஆட்டக்காரர் தொகை 13 ஆயிற்று. ஒரு நாட்கூலியை இழக்க முடியாதவனுக்கும் இந்த ஆட்டம் சொந்தம் என்பதற்காகவே தோன்றிய ஒன்று, அதே ஒரு நாட்கூலியைப் பார்வையாளனிடம் கேட்கும் நிலைக்கு வந்திருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கூட்டம் இந்த ஆட்டத்துக்குப் புதிதல்ல. 1954 மே 5 அன்று, ஒரு புதன்கிழமை மாலை, பிராட்ஃபோர்டின் ஒட்சல் மைதானத்தில் வொரிங்டனும் ஹலிஃபக்ஸும் சலஞ்ச் கிண்ண இறுதியாட்டத்தை மீண்டும் ஆடியபோது, அதிகாரபூர்வக் கணக்கின்படியே 1,02,569 பேர் வந்திருந்தார்கள். வேலிகளைத் தாண்டி வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஏறத்தாழ 15,000 பேர் மட்டுமே வாழும் ஃபெதர்ஸ்டோன் என்ற சுரங்க ஊரின் அணி 1967, 1973, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே கிண்ணத்தை வென்றது. முதியவர் அந்த 1983-ஆம் ஆண்டு ஆட்டத்தை வெம்ப்ளியில் பார்த்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் யார் எந்தப் பக்கமாக ஓடினார்கள் என்பதை என் கடை மேசையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டுவார். இப்படிப்பட்ட மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு யாரை உள்ளே அழைக்கப் போகிறோம்?

கழகங்களின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. 1996-இல் இந்த ஆட்டத்தின் முதற்பிரிவான சூப்பர் லீக் தொடங்கி, ஆட்டம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியதே ஐந்தாண்டுகளுக்கு 87 மில்லியன் பவுண் தந்த தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பயனாகத்தான். அன்று வரம்போல் வந்த அந்தப் பணம் அண்மைய ஒப்பந்தங்களில் சுருங்கிவிட்டது. மறுபுறம், 2024 முதல் சூப்பர் லீக்கின் ஒவ்வோர் ஆட்டமும் நேரலையாகக் காட்டப்படுகிறது. ஆக, ஒளிபரப்புக் குறைத்த வருமானத்தை வாசலில் ஈடுகட்டக் கழகம் விலையைக் கூட்டுகிறது. விலை கூடியதும், எல்லா ஆட்டத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று தெரிந்தவன் வராமல் நின்றுவிடுகிறான். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆட்டம் வைத்தால், மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையை யார் கூட்டி வருவார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். கால்பந்தின் கீழ்ப்பிரிவுக் கழகங்களுக்குச் சொந்த மைதானத்தில் 23 ஆட்டங்கள் கிடைக்கின்றன. றக்பி லீக் கழகத்துக்கு ஏறத்தாழ 13 மட்டுமே. அத்தனை செலவையும் அந்த 13 நாட்களில் எடுக்க வேண்டும். அத்துடன் நுழைவுச்சீட்டின் அடிப்படை விலைமேல் 20 சதவீத வரி வேறு இருக்கிறது. ஒருவர் 24 பவுண் கொடுத்தால் அதில் 4 பவுண் அரசுக்குப் போகிறது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டுதான் விலை தவறு என்கிறேன். கடைக்காரனாகிய எனக்குத் தெரிந்த முறையில் சொல்வதென்றால், ஆட்டத்துக்கான இருக்கை பாண் போன்றது. மாலையில் மிஞ்சிய பாணை மறுநாள் புதுப் பாணின் விலைக்கு எவரும் வாங்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்கிய பின் காலியாக இருக்கும் இருக்கையை எந்த விலைக்கும் விற்க முடியாது. அந்த இருக்கையோடு, அதில் அமர்ந்திருக்க வேண்டியவர் வாங்கியிருக்கக்கூடிய தேநீரும், குடித்திருக்கக்கூடிய பியரும், பிள்ளைக்கு எடுத்திருக்கக்கூடிய சட்டையும் போய்விடுகின்றன. அதற்காகக் கடைசி நேரத்தில் இலவசச் சீட்டுகளை அள்ளி வீசுவதும் சரியன்று. நான் ஒவ்வொரு மாலையும் ஏழு மணிக்கு சாண்ட்விச்சின் விலையைப் பாதியாக்கியபோது, மத்தியானம் வாங்கிக்கொண்டிருந்தவர்களே ஏழு மணி வரை காத்திருக்கத் தொடங்கினார்கள். பருவத் தொடக்கத்திலேயே முழுப் பணம் கட்டி சீசன் டிக்கெட் வாங்கியவர், பக்கத்து இருக்கைக்காரர் சும்மா வந்திருப்பதைப் பார்த்தால் அடுத்த ஆண்டு வாங்குவாரா? வேண்டியது தள்ளுபடியன்று. எல்லோருக்கும், எப்போதும், தெரிந்த ஒரு குறைந்த விலை.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் தொலைதூரம் போய்ப் பார்க்கத் தேவையில்லை. இதே மேற்கு யோர்க்ஷயரில் பிராட்ஃபோர்ட் சிட்டி கால்பந்துக் கழகம் 2007-இல் நான்காம் பிரிவுக்கு இறங்கிய வேளையில், வளர்ந்தவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 138 பவுணுக்கு விற்றது. 23 ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டத்துக்குச் சரியாக ஆறு பவுண். தோல்வியில் துவண்டிருந்த அணிக்கு அந்தப் பிரிவிலேயே பெரிய கூட்டம் வந்தது. 2015-இல் 149 பவுணுக்கு மீண்டும் அறிவித்தபோது ஏறத்தாழ 18,000 பேர் வாங்கினார்கள். அயலில் உள்ள ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் 2017-இல் பிரிமியர் லீக்குக்கு ஏறிய ஆண்டில், 2008 முதல் விடாமல் சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு அதை 100 பவுணுக்கே கொடுத்து வாக்கைக் காப்பாற்றியது. கால்பந்துக்கு வேறு வருமானங்கள் உண்டு, ஆட்டங்களும் அதிகம் என்பது உண்மையே. ஆனால் அந்த இருக்கைகளில் அமர்ந்தவர்கள் எங்கள் வீதிகளில் வாழும் அதே மக்கள். விலை இறங்கினால் அவர்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எந்தக் கழகம் சூப்பர் லீக்கில் இருக்கலாம் என்பதை இப்போது களத்து வெற்றி மட்டும் தீர்மானிப்பதில்லை. 20 புள்ளிகள் கொண்ட தரப்படுத்தலில் கால் பங்கு ரசிகர் ஆதரவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மைதானத்துக்கு வரும் சராசரிக் கூட்டமும் அதற்குள் அடங்கும். ஒவ்வொரு வெற்று இருக்கையும் கழகத்தின் தரத்தையே குறைக்கிறது என்று தெரிந்தும், விலையைத் தொடாமல் விளம்பரப் பலகைகளை மட்டும் மாற்றுவதில் என்ன பயன்? 2025 மார்ச்சில் விகனும் வொரிங்டனும் லாஸ் வேகாஸ் வரை போய் ஆடின. அதில் பெருமை உண்டு, நானும் பார்த்து மகிழ்ந்தேன். அந்த முயற்சியில் ஒரு சிறு பங்கையாவது, மைதானத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பிள்ளைகளை உள்ளே கொண்டுவரச் செலவிட வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

என் குடும்பத்துக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கழகத்தின் பெயர் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் காசு வாங்க மாட்டோம், கைப்பேசியில் வாங்குங்கள் என்றார்கள். மழைக்குள் நின்று வாங்கினேன். முன்கூட்டியே வாங்காததால் ஆளுக்கு விலை கூடியிருந்தது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனித்தனியாகக் கட்டணம் வேறு சேர்ந்தது. உள்ளே போனபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கடந்திருந்தது. எதிர்ப்பக்கக் கூரையின் கீழ் வரிசை வரிசையாக இருக்கைகள் காலியாகக் கிடந்தன. திடீரென்று மனம் வந்து வருபவனிடம் கூடுதலாக வாங்குவது எந்த வியாபாரத்திலும் புத்தியான செயலன்று. முதன்முறை வருபவன் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறான். என் கடைக்குள் முதன்முறை கால்வைப்பவருக்கு நான் அப்படிச் செய்தால், அவர் அடுத்த சந்தியில் உள்ள கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே கழகங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பெரியவர் ஒருவருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரு பவுணுக்கு உள்ளே விடுங்கள். காசைக் கையில் கொண்டுவருபவருக்கென்று ஒரு வாசலாவது திறந்து வையுங்கள், அங்கே விலை இணையத்தில் உள்ளதுபோலவே இருக்கட்டும். முன்பதிவுக் கட்டணத்தைத் தனியே சேர்க்காமல் விலைக்குள்ளேயே அடக்குங்கள். சீசன் டிக்கெட்டை மாதத் தவணையில் கொடுங்கள். இதைச் செய்யும் கழகங்கள் ஏற்கனவே உண்டு, மற்றவையும் செய்யலாம். பெரியவர்களின் விலையை எவ்வளவு இறக்குவது என்பதை அவரவர் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்கும்போது வெற்று இருக்கைக்கு வருமானம் பூச்சியம் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

தங்கள் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வேக்ஃபீல்ட், டியூஸ்பரி, ஹல், லீ போன்ற ஊர்களில் கடை நடத்தும் நம்மவர்கள், இந்த ஆட்டத்தை "அவர்களுடைய ஆட்டம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். நம் பிள்ளைகள் அவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், ஒரே பூங்காவில் பந்து கடத்துகிறார்கள். அடுத்த பருவத்துக்கான விலைகளைக் கழகங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் தீர்மானிக்கின்றன. அதற்கு முன்பே உள்ளூர் வியாபாரிகளாக நாம் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்கும், ஏனென்றால் மைதானத்தின் விளம்பரப் பலகைக்கு அவர்கள் தேடி வருவது நம்மிடம்தான். எங்கள் வீதியில் நான்கு கடைக்காரர்கள் ஏற்கனவே சம்மதித்திருக்கிறார்கள். முதியவர் லொத்தர்ச் சீட்டின் பின்புறம் எழுதிய அந்தக் கணக்கை, அவரது அனுமதியோடு, எங்கள் கடிதத்துடன் இணைத்து அனுப்பவிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மேற்கு யோர்க்ஷயர்