கடலோடிக் குடும்பத்தைக் கதையாக எழுதும் என் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

அத்தை எழுதுகிறேன். நீ கொடுத்த மூன்று அத்தியாயங்களையும் நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இரட்டை நிலா உதிக்கும் உலகம், நடுக்கடலில் ஒரு தீவு, ஏழு தலைமுறையாகக் கப்பல் ஓட்டும் அரச குடும்பம். பர்மாவில், இந்த யாங்கோனில் பிறந்து வளர்ந்த பிள்ளை இத்தனையும் தமிழில் எழுதியிருக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. அதனால்தான் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். கதை எழுதுகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

உன் அரச குடும்பத்தில் எல்லோருக்கும் வாள் பிடிக்கத் தெரிகிறது. கயிறு பிடிக்க ஒருவருக்கும் தெரியவில்லை. முந்நூறு கப்பல்கள் நினைத்த நாளில் கிளம்புகின்றன, ஐந்தாம் நாள் போய்ச் சேருகின்றன. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று ஒரு வரி கூட இல்லையே, ராசா.

நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து பாய்மரக் கப்பலில் இந்தக் கரைக்கு வந்தவர்களுக்கு நாள் குறித்தது காற்றுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே வருவார்கள். வாடை என்கிற வடகிழக்குக் காற்று விழுந்த பிறகே ஊர் திரும்ப முடியும். நடுவில் மாதக்கணக்கில் அந்நிய ஊரில் காத்துக்கிடக்க வேண்டும். அங்கே கடன் வளரும், நட்பு வளரும், சில சமயம் குடும்பமே வளரும். உன் கதைக்கு வேண்டிய சண்டையும் பாசமும் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை எப்படிக் கூப்பிடுகிறார் பார்: ‘வளி தொழில் ஆண்ட உரவோன் மருக’. காற்றை வேலை வாங்கியவனின் வழிவந்தவனே என்கிறார். கடலோடிக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டுமா? உன் குலத்தின் முதல் ஆள் எத்தனை தலையை வெட்டினான் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அவன் காற்றை எப்படிப் பழகினான் என்று அரைப் பக்கம் எழுது, போதும்.

அடுத்தது அந்த இரட்டை நிலா. அதை அழகுக்கு மட்டும் வானத்தில் மாட்டிவிட்டாயே! நம் யாங்கோன் ஆற்றையே எடுத்துக்கொள். கடலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். அப்படியும் நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறுகிறது, இரண்டு தடவை வற்றுகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் அதிகம், அட்டமி ஒட்டிக் குறைந்துவிடும். பெரிய கப்பல் ஏற்றம் பார்த்துத்தான் உள்ளே வரும். ஒரு நிலாவுக்கே இந்தப் பாடு. இரண்டும் சேர்ந்து இழுக்கிற நாளில் உன் தீவு என்ன ஆகும்? துறைமுக வாசலில் இருக்கும் பாறையெல்லாம் முங்கி, அன்றைக்கு மட்டும் பெரிய கப்பல் வெளியே போக வழி கிடைக்கும். அந்த நாளைக் கணிக்கும் கணக்கு குடும்பத்தின் மூத்த பெண் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று வை. எதிரி அரண்மனையை விட்டுவிட்டு அந்தக் கணக்கைத் திருடத்தான் ஆள் அனுப்புவான். நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உன் கொள்ளுத்தாத்தா, என் தாத்தா, கப்பலில் கலாசியாக, அதாவது மாலுமி வேலைக்காரராக, இருந்தவர். அறுந்த கயிற்றை அவர் சேர்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முடிச்சே போட மாட்டார். இரண்டு நுனியிலும் மூன்று புரியையும் பிரித்து, எதிரெதிரே கோத்து, மாட்டுக்கொம்பால் புரிகளுக்கு நடுவே இடைவெளி உண்டாக்கி, ஒரு புரிக்கு மேலே, அடுத்ததற்கு அடியில் என்று செருகிக்கொண்டே போவார். கடைசியில் காலடியில் போட்டு உருட்டுவார். சேர்த்த இடம் லேசாகத் தடித்திருக்கும், அவ்வளவுதான். முடிச்சு போட்டால் கப்பியில் சிக்கிக்கொள்ளும், புயல் நேரத்தில் பாய் இறங்காது என்பார். உன் இளவரசி மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஜன்னலோரம் அழுகிறாள். அவளைக் கீழே அனுப்பி, ஒரு கிழட்டுக் கலாசியிடம் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்.

இன்னும் ஒன்று. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மலைமண்டலத்து, அதாவது கேரளப் பக்கத்து, மகோதையர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி, அங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்று எரிய ஒரு நிலைவிளக்கும் வைத்ததாகச் சொல்கிறது. கடல் தாண்டி வந்தவர் விட்டுப்போனது அந்தக் கதவும் விளக்கும். உன் குடும்பம் நான்கு துறைமுகத்தில் இறங்கி நான்கையும் கொளுத்துகிறது. ஐந்தாவதிலாவது யாராவது ஒரு கதவு மாட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்சோடான் துறைக்கு வா. தண்ணீர் வற்றி ஏறும்வரை உட்கார்ந்து பார்ப்போம். நோட்டை நீ கொண்டுவா, மூன்று புரிக் கயிறு நான் கொண்டுவருகிறேன்.

உன் அத்தை