மேட்டூர் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு படமும் போடலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் காஸ்பியன் கடலின் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, சிவப்பாக இருக்கும் இடமெல்லாம் மாசு என்று எழுதிவிட்டீர்கள். பச்சையம் எங்கே அதிகமோ அங்கே சிவப்பு பூசுவது படம் தயாரிப்பவர்களின் வழக்கம், அவ்வளவுதான். பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிவிடும், அதனால் மிதவைப் பாசி பெருகிய தண்ணீரிலிருந்து நீலம் குறைவாகவும் பச்சை கூடுதலாகவும் திரும்பி வரும், அந்த விகிதத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். காஸ்பியனின் வடபகுதி சராசரியாக ஐந்தாறு மீட்டர்தான் ஆழம். வோல்கா ஆற்று வெள்ளம் சத்துகளைக் கொண்டுவந்து கொட்டியதும் அங்கே பாசி பெருகுவது வருஷா வருஷம் நடப்பது. போதாக்குறைக்கு ஆற்று வண்டலும் கலந்து கணக்கைக் குழப்பும். முகத்துவாரத்துப் பக்கத்து எண்களை, படகில் போய் எடுத்த தண்ணீரோடு ஒத்துப்பார்க்காமல் நான் நம்பமாட்டேன்.

பயப்பட வேண்டியது வழக்கத்தை மீறி வருவதற்குத்தான். 2005 ஆகஸ்ட், செப்டம்பரில் தெற்கே, ஈரான் பக்கம், சுமார் 20,000 சதுர கிலோமீட்டருக்கு நீலப்பச்சைப் பாசி பரவியது. 1997-ல் ஏவிய சீவிஃப்ஸ், அப்புறம் மோடிஸ் என்று கடலின் நிறத்தை விண்வெளியிலிருந்து அளக்கும் கருவிகளின் பல வருஷத்துப் படங்கள் கையில் இருந்ததால்தான், அதே மாதத்தோடு மாதத்தை வைத்துப் பார்த்து இது வழக்கமில்லை என்று சொல்ல முடிந்தது. கருங்கடலிலிருந்து கப்பல்களோடு வந்த சீப்பு ஜெல்லி என்கிற கூழ் போன்ற கடல் உயிரி, பாசியைத் தின்னும் நுண்விலங்குகளைக் காலி செய்ததும் ஒரு காரணம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு.

சரி, காஸ்பியன் இருக்கட்டும். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பக்கம் தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டியது போல ஆகி, கரைக் கல்லில் காய்ந்து ஒட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே, அப்போதெல்லாம் ஆலைக் கழிவு என்று ஒரு தரப்பு, வயல் உரம் என்று இன்னொரு தரப்பு. போன வருஷம் இதே மாதம் எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை பத்து மீட்டர் நுணுக்கத்தில் எடுக்கும் படம் இலவசம். மேட்டூர் என்ன, ஏற்காடு ஏரிகூட அதில் தெரியும்.

தினமும் அணை நீர்மட்டம் இத்தனை அடி என்று போடுகிறீர்கள். மாதம் ஒருமுறை அதன் கீழே இந்தப் படத்தையும், பக்கத்திலேயே போன வருஷத்து அதே மாதப் படத்தையும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துப் படம் கிடைக்காமல் போகலாம். அந்த மாதம் இடத்தைக் காலியாகவே விடுங்கள், பழைய படத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்