மதிப்பெண் உத்தரவாதம் குறித்த புகார்: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: எஸ்ஏடி பயிற்சியில் தவறான ஆரம்பத் தேர்வு வைத்தது, அதைக் கொண்டு உத்தரவாதத் தொகையை மறுத்தது, மாணவிக்கு அச்சமூட்டும் செய்திகள் அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு நீங்கள் நடத்தும் பதினாறு வாரப் பயிற்சியில் 2024 நவம்பரில் என் மகளைச் சேர்த்தேன். கட்டணம் 1,900 டாலர். முழுத் தொகையையும் முதல் நாளே கட்டிவிட்டேன். அந்த மாதம் நீங்கள் வைத்த ஆரம்பத் தேர்வில் அவளுக்கு 1130 என்றீர்கள். 2025 மார்ச் 8ஆம் தேதி அவள் தேர்வு எழுதினாள். 1330 வந்தது. "150 மதிப்பெண் உயராவிட்டால் பணம் வாபஸ்" என்ற உங்கள் உத்தரவாதத்தின்படி பணத்தைக் கேட்டேன். "உங்கள் மகளின் மதிப்பெண் 1130இலிருந்து 1330ஆக, அதாவது 200 உயர்ந்திருக்கிறது, வாழ்த்துகள்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த வாழ்த்தை நான் ஏற்கவில்லை. தமிழில் எழுதினாலும் பதில் தருவதாக உங்கள் வரவேற்பு மின்னஞ்சலில் சொல்லியிருந்தீர்கள். அதனால் சொல்ல வேண்டியதை என் மொழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் எந்தக் காலத்திலும் 1130 வாங்கும் நிலையில் இருக்கவில்லை. உங்களிடம் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில், எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வைப் பள்ளியில் எழுதினாள். அதில் 1290. பிஎஸ்ஏடியும் எஸ்ஏடியும் ஒரே அளவுகோலில்தான் மதிப்பிடப்படுகின்றன. பிஎஸ்ஏடியின் உச்சம் 1520, எஸ்ஏடியின் உச்சம் 1600 என்பதுதான் வேறுபாடு. அங்கே 1290 வாங்கும் பிள்ளை அதே நாளில் எஸ்ஏடி எழுதியிருந்தாலும் ஏறக்குறைய 1290தான் வாங்கியிருப்பாள். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் பிஎஸ்ஏடி மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டமே வைத்திருக்கிறீர்கள். நான் அதில் 1290 என்று நிரப்பித்தான் கொடுத்தேன்.

பிறகு நவம்பரில் நீங்கள் வைத்த ஆரம்பத் தேர்வில் மட்டும் 160 மதிப்பெண் எங்கே போனது? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிப்ரவரியில் மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை எழுதிவிட்டு வந்து கேட்டாள்: "அம்மா, அவங்க வச்ச டெஸ்ட்ல கணக்குக்கு கால்குலேட்டரே கூடாதுன்னாங்களே? இதுல ஸ்க்ரீன்லயே கால்குலேட்டர் இருக்கே!"

அன்று இரவே உங்கள் ஆரம்பத் தேர்வை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். வாசிப்புப் பகுதியில் நீண்ட பத்திகள், 52 கேள்விகள், 65 நிமிடம். கணக்கில் கால்குலேட்டர் இல்லாமல் 20 கேள்விகள், 25 நிமிடம். இது அமெரிக்காவில் 2024 மார்ச்சுக்கு முன்பு காகிதத்தில் நடந்த தேர்வின் அமைப்பு. இப்போது நடப்பது கணினித் தேர்வு. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 54 கேள்விகள், 64 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஒரு சின்னப் பத்திதான். கணக்கில் 44 கேள்விகள், 70 நிமிடம். தொடக்கம் முதல் முடிவு வரை கால்குலேட்டர் உண்டு, திரையிலேயே டெஸ்மாஸ் என்ற கால்குலேட்டர் இருக்கிறது. என் மகளின் வகுப்பில் யாருமே எழுதப்போகாத ஒரு தேர்வை அவள் முன்னால் வைத்து, அதில் வந்த எண்ணை "இதுதான் உன் இன்றைய நிலை" என்று சிவப்பில் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "மதிப்பெண் உயர்வு எங்கள் ஆரம்பத் தேர்வை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. சேரும்போது அந்த வரியைப் படித்தேன், நியாயமாகத்தான் பட்டது. ஆரம்பத் தேர்வு உண்மையான தேர்வாக இருக்கும் என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். தராசுத் தட்டை முதலிலேயே அழுத்தி வைத்துவிட்டு, கையை எடுத்ததும் மேலே வந்ததை உயர்வாகக் கணக்குக் காட்டுவது என்ன நியாயம்?

நேர்மையாகக் கணக்குப் போட்டால் 1290இலிருந்து 1330. நாற்பது மதிப்பெண். மார்ச் தேர்வின் மதிப்பெண் அறிக்கையைப் பாருங்கள். 1330க்குப் பக்கத்திலேயே 1290 முதல் 1370 வரை என்று ஒரு வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் எழுதினால் இந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் மதிப்பெண் அமையலாம் என்று தேர்வு நடத்துபவர்களே சொல்கிறார்கள். பதினாறு வாரப் பயிற்சிக்கு முன்பு அவள் வாங்கிய எண்ணும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பயிற்சி வகுப்புகளால் எஸ்ஏடி மதிப்பெண் எவ்வளவு உயர்கிறது என்று அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2009இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. தயாரித்தவர் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் பிரிக்ஸ். சராசரி உயர்வு மொத்தமாக 30 மதிப்பெண் அளவில்தான் என்று அதில் இருக்கிறது. தேர்வின் வடிவம் அதற்குப் பிறகு மாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் முகப்புப் பக்கத்தில் "எங்கள் மாணவர்களின் சராசரி உயர்வு 210" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, அந்த 210 எந்த எண்ணிலிருந்து கணக்கிடப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே பழைய ஆரம்பத் தேர்வைத்தான் வைத்தீர்களா?

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிட என்னை வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் அந்த 1130ஐப் பார்த்த இரவு என் மகள் சாப்பிடவில்லை. "பிஎஸ்ஏடில வந்தது ஃப்ளூக் போல" என்றாள். அதாவது, தன்னுடைய உண்மையான மதிப்பெண்ணைத் தற்செயல் என்றும், நீங்கள் கொடுத்த பொய் எண்ணைத் தன் தகுதி என்றும் நம்பினாள். நானும் நம்பினேன். படிப்பில் கவனம் போதவில்லை என்று அவளைக் கண்டித்தேன். நான் கண்டித்திருக்கக் கூடாது. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

உங்கள் செயலியின் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். புளூபுக்கில் நேரம் ஓடுவதை மறைத்து வைத்துக்கொள்ளலாம், கடைசி ஐந்து நிமிடத்தில்தான் அது தானாகத் தெரியும். உங்கள் செயலியில் மறைக்க வழியே இல்லை. முதல் நிமிடத்திலிருந்தே திரையின் மேல்மூலையில் சிவப்பாகத் துடித்துக்கொண்டிருக்கும். என் மகள் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளைக் கிழித்து அந்த மூலையில் ஒட்டிக்கொண்டுதான் பயிற்சி செய்தாள். தினமும் ஒட்டி, தினமும் பிரித்து, மடிக்கணினித் திரையின் அந்த இடத்தில் இன்றைக்கும் பசை படிந்து மங்கலாக இருக்கிறது.

அதையாவது தாள் ஒட்டி மறைக்க முடிந்தது. தேர்வின் நடுவே வரும் அறிவிப்பை மறைக்க முடியவில்லை. எஸ்ஏடியில் ஒவ்வொரு பகுதியும் இரண்டு மாட்யூலாக, அதாவது இரண்டு உட்பகுதிகளாக, வரும். முதல் மாட்யூலை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூல் கடினமாகவோ எளிதாகவோ வரும். எது வந்தது என்று உண்மைத் தேர்வு யாருக்கும் சொல்வதில்லை. நீங்களோ முதல் மாட்யூல் முடிந்த கையோடு "கடின மாட்யூலைத் தவறவிட்டாய், இனி உன்னால் உயர் மதிப்பெண் பெற முடியாது" என்று திரை நிறையக் காட்டுகிறீர்கள். மீதி 35 நிமிடத்தையும் அந்தப் பிள்ளை எந்த மனநிலையில் எழுதும்? மார்ச் 8ஆம் தேதி தேர்வு மையத்திலிருந்து வெளியே வந்தவள், காரில் ஏறி சீட் பெல்ட்கூடப் போடாமல் சொன்னாள்: "செகண்ட் மாட்யூல் முழுக்க இது ஈஸியா ஹார்டான்னு யோசிச்சிட்டே இருந்தேம்மா. ஈஸியா ஒரு கணக்கு வந்தாலே பயமா இருந்துச்சு." எளிய கணக்கைக் கண்டு பயப்படக் கற்றுக்கொடுக்கவா உங்களுக்கு 1,900 டாலர் கொடுத்தேன்?

இரவு பதினொரு மணிக்கு வரும் தரவரிசைச் செய்திகள் வேறு. "இன்று 412 பேர் உன்னைத் தாண்டிச் சென்றுவிட்டார்கள்" என்பது ஜனவரி 14ஆம் தேதி வந்தது. நேராக அவள் கைப்பேசிக்கு. எனக்கு நகல்கூட வரவில்லை.

"கனவுக் கல்லூரி" பக்கத்தில் அவள் யூசி டேவிஸை, அதாவது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தை, சேர்த்திருந்தாள். அதற்கு எதிரே "உன் மதிப்பெண் போதாது" என்று மூன்று மாதமும் சிவப்புக் குறி. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2020 மே மாதமே எஸ்ஏடியைக் கைவிடும் முடிவை எடுத்துவிட்டது. இன்று அதன் எந்த வளாகத்திலும் யாரைச் சேர்ப்பது என்ற முடிவுக்கு எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அவள் 1600 வாங்கினாலும் 900 வாங்கினாலும் அந்த முடிவில் அதற்கு இடமில்லை. எஸ்ஏடி கேட்கும் கல்லூரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எம்ஐடி 2022லும் டார்ட்மத் 2024லும் மறுபடி அதைக் கட்டாயமாக்கின. எந்தக் கல்லூரி கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சரியாகச் சொல்வதுதானே உங்கள் வேலை? கேட்காத கல்லூரிக்கும் சிவப்புக் குறி போட்டுப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தது எதற்காக?

பெற்றோர் கூட்டத்தில் உங்கள் ஆலோசகர் "1500க்குக் கீழே எல்லாம் ஒரு மதிப்பெண்ணா?" என்று கேட்டார். 2024இல் பள்ளி முடித்தவர்களுள் ஏறத்தாழ 19 லட்சத்து 70 ஆயிரம் பேர் இந்தத் தேர்வை எழுதினார்கள். சராசரி 1024. அந்தக் கூட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பெற்றோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வார்த்தையைக் கேட்டார்களோ! என் மகள் கேட்டாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. வியாழக்கிழமைகளில் கணக்கு எடுத்த ஆசிரியர் மிக நல்லவர். ஒரே கணக்கை நான்கு விதமாகச் சொல்லிக்கொடுத்தார். விடை தவறானாலும் யோசித்த வழி சரியாக இருந்தால் அதைப் பாராட்டினார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொந்தரவும் வந்துவிடக் கூடாது.

கடைசியாக நடந்தது இது. முடிவு வந்த மறுவாரம் உங்கள் விளம்பரப் பிரிவிலிருந்து என் மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "1130இலிருந்து 1330க்கு உயர்ந்தேன்" என்று சிரித்த முகத்துடன் ஒரு நிமிட வீடியோ அனுப்பினால் 50 டாலர் பரிசு அட்டை தருவார்களாம். 200 என்ற எண்ணை "கட்டாயம் குறிப்பிட வேண்டும்" என்றும் எழுதியிருந்தார்கள். அவள் அதை என்னிடம் காட்டி, "பொய் சொல்லச் சொல்றாங்கம்மா" என்றாள். புகழ்ந்து பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு காசு கொடுத்துக் கருத்து வாங்குவதை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் புதிய விதி தடை செய்கிறது. அந்த விதி 2024 அக்டோபர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. உங்கள் சட்டப் பிரிவு இதைப் படித்துப் பார்க்கட்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். உத்தரவாதப்படி 1,900 டாலரை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். "150 உயர்ந்துவிட்டது" என்ற வாதத்தைத் தொடர விரும்பினால், பழைய அமைப்பில் உள்ள ஒரு தேர்வை ஏன் அடிப்படையாக வைத்தீர்கள் என்பதை எழுத்தில் விளக்குங்கள். அந்த ஆரம்பத் தேர்வை எழுதி உத்தரவாதத் தொகை மறுக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கும் உண்மையைத் தெரிவிக்க வேண்டும். தேர்வின் நடுவே வரும் அந்த அறிவிப்பை நிறுத்துங்கள். அதற்கு ஒரு மாதம் தேவையில்லை, ஒரு நாள் போதும். தரவரிசைச் செய்திகள் இரவில் எந்தப் பிள்ளைக்கும் போகக் கூடாது. என் மகளின் பெயர், மதிப்பெண், கைப்பேசி எண் ஆகியவற்றை உங்கள் கணினியிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதாக எனக்கு எழுத வேண்டும்.

பிஎஸ்ஏடி அறிக்கை, உங்கள் ஆரம்பத் தேர்வின் வினாத்தாள், மார்ச் மாத மதிப்பெண் அறிக்கை, ஜனவரி 14ஆம் தேதிச் செய்தியின் படம், பரிசு அட்டை மின்னஞ்சல் ஐந்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். முப்பது நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் மத்திய வர்த்தக ஆணையத்திலும், எங்கள் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிவு செய்வேன்.

பதிலை என் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள். பயிற்சியைப் பாதியில் விட்டுவிடலாமா என்று பிப்ரவரியில் என் மகள் கேட்டபோது, உங்கள் ஆலோசகர் நேரடியாக அவளை அழைத்து, "அப்பா அம்மா போட்ட காசை வீணாக்கப் போறியா?" என்று கேட்டிருக்கிறார். அதை அவள் என்னிடம் சொல்லவே ஆறு வாரம் ஆனது. இனி அவள் எண்ணுக்கு உங்களிடமிருந்து ஓர் அழைப்புகூடப் போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நவம்பர் 2024 வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்