சுவிட்சை யார் திருப்புவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானத் தாமதங்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். “கதவைச் சாத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார வைத்தார்கள், பைலட் கீழே நின்றவரோடு பேசிக்கொண்டே இருந்தார்” என்ற முறைப்பாடு அவற்றில் அடிக்கடி வருகிறது. அந்தப் பேச்சு எதைப் பற்றியது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். வளைகுடாவிலும் பிறகு இங்கேயும் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவன் நான்.

ஒரு விமானத்தில் எல்லாக் கருவிகளும் வேலை செய்தால்தான் அது பறக்கலாம் என்றில்லை. எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தால் பறக்கலாம், எத்தனை நாளுக்குள் அதைத் திருத்த வேண்டும், அதுவரை என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். நாங்கள் எம்.ஈ.எல். என்போம். சில பழுதுகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10 நாள், இன்னும் சிலவற்றுக்கு 120 நாள் தவணை. ஒரு பழுதுக்கான வேலையில் பொறியியலாளரின் பங்கு ஒரு பந்தியிலும், விமானியின் பங்கு இன்னொரு பந்தியிலும் இருக்கும். இதுவரைக்கும் சரி. அந்த இரண்டு பந்திகளும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதுதான் தலையிடி.

நான் வேலை செய்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) எஞ்சினிலிருந்து குளிரூட்டிக்குக் காற்றெடுக்கும் வால்வு ஒன்று பழுது. “வால்வை மூடிய நிலையில் பூட்டவும்” என்றது எங்கள் பந்தி. பூட்டினோம். “வால்வு மூடியிருப்பதை உறுதிசெய்யவும்” என்றது விமானியின் பந்தி. வால்வு இருப்பதோ எஞ்சின் மூடிக்குள்ளே. அது மூடியிருக்கிறதா என்று காட்டும் கொக்பிட் விளக்கின் மேல், பாவிக்க வேண்டாம் என்று நாங்களே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். துணை விமானி ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லொக்கில் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “இதை நான் எங்கே நின்று பார்க்கிறது, அண்ணை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வரியை எழுதியவரிடம் கேட்கலாம் என்றால், அந்த நடுச்சாமத்தில் அவர் வீட்டில் நித்திரை. எங்கள் கையெழுத்தை நம்பித் துணை விமானியும் கையெழுத்து வைக்கலாம், அல்லது பயணிகளை இருத்திவிட்டு விளக்கம் கேட்கலாம். அவர் கேட்டார். அன்றும் யாரோ ஒரு பயணி பத்திரிகைக்கு எழுதியிருப்பார்.

கேட்காமல் போனால், அல்லது கேட்க வேண்டும் என்றே தோன்றாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஹீலியோஸ் நிறுவன விமானத்தின் விபத்து இருக்கிறது. 2005 ஓகஸ்ட் 14, சைப்பிரஸின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் போன போயிங் 737. முந்திய பறப்பில் பின்கதவுப் பக்கம் சத்தம் கேட்டதாக முறைப்பாடு வந்ததால், பறப்புக்கு முன் தரையில் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்தார்கள். அந்தச் சோதனைக்கு விமானத்துக்குள் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சை, தானாக இயங்கும் ‘ஓட்டோ’விலிருந்து கையால் இயக்கும் ‘மெனுவ’லுக்கு மாற்ற வேண்டும். மாற்றியது மாற்றியபடியே இருந்துவிட்டது. சோதனை முடிந்ததும் விமானத்தை முன்னைய நிலைக்குக் கொண்டுவரும்படி பராமரிப்புக் கையேடு பொதுவாகச் சொன்னதே தவிர, இந்தச் சுவிட்சை ‘ஓட்டோ’வில் வை என்று பெயர் சொல்லிச் சொல்லவில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தால், கேஸை மற்றவர் பூட்டியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பது போலத்தான் ஆகிவிட்டது.

விமானிகள் மேல் பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. செக்லிஸ்டில் அந்தச் சுவிட்சைப் பார்த்திருக்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. மேலே ஏறும்போது அபாய ஒலியும் எழுந்தது. ஆனால் தரையில் வேறொரு கோளாறுக்கு அடிக்கும் அதே ஒலிதான் இதற்கும். அவர்கள் அந்த வேறு கோளாறுதான் என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே காற்றழுத்தம் போதாமல், ஒட்சிசன் குறைந்து மயங்கினார்கள். 121 பேரும் இறந்தார்கள். அந்தச் சுவிட்சின் நிலையைக் கையேட்டில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் அதற்குப் பிறகுதான் பரிந்துரைத்தார்கள். ஒரு வரி, ஐயா!

2014 டிசம்பர் 28இல் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட எயார்ஏசியா விமானத்தின் கதை வேறு மாதிரி. சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் மின்னிணைப்பின் ஈயப்பற்று ஒன்று விரிசல் விட்டிருந்தது. அந்த ஆண்டில் மட்டும் 23 தடவை அது கோளாறு காட்டியதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. சில நாட்களுக்கு முன், தரையில் ஒரு பொறியியலாளர், மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்கிட் பிரேக்கரை இழுத்துத் திரும்ப அழுத்தி அதைச் சரிசெய்வதை, விபத்து நாளில் விமானத்தை ஓட்டிய கப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். தானும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டார். திரையில் வரும் அறிவுறுத்தல் சொன்னால் செய்யலாம் என்பது போல ஒரு பதில் கிடைத்தது. வானத்தில் கோளாறு திரும்பத் திரும்ப வந்தபோது பிரேக்கர்கள் இழுக்கப்பட்டதாகவே விசாரணையாளர்கள் முடிவுசெய்தார்கள். தன்னியக்கப் பறப்பு விடுபட்டது, விமானம் சரிந்தது, அதற்குப் பிறகு அதை மீட்க முடியவில்லை. 162 உயிர்கள். தரையில் பொறியியலாளர் செய்யும் வேலையை வானத்தில் விமானி தொடவே கூடாது என்றால், அதை அந்த இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வாய்ப்பதிலில் விடுகிற விஷயமா இது?

இங்கே அப்படி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்தந்த நிறுவனத்தின் எம்.ஈ.எல். பட்டியலுக்கு அனுமதி கொடுப்பது அந்தந்த நாட்டு அதிகாரசபைதான். விமானத்தைத் தயாரித்தவரின் மூலப் பட்டியலை விடத் தளர்வாக இருக்கக் கூடாது என்பதை அங்கே நன்றாகவே பார்ப்பார்கள். எழுதியிருப்பது விளங்குகிறதா என்று பார்ப்பது வேறு வேலை. அதற்கு, அந்தத் தாளை முன்பின் பார்த்திராத ஒரு விமானியையும் ஒரு பொறியியலாளரையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கவிட வேண்டும். இருவரும் எங்கே நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்களோ, அந்த வரியைத் திருத்த வேண்டும். கொக்பிட் சுவிட்ச் ஒன்றில் கை வைக்கும் எந்தப் பராமரிப்பு வேலையும், அந்தச் சுவிட்சின் பெயரையும் அது கடைசியில் நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லி முடிய வேண்டும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை விமானத் தாமதம் பற்றி எழுதும்போது, இப்படி ஒரு வாசிப்பு இங்கே நடக்கிறதா என்று சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் கேட்டு, பதிலையும் சேர்த்துப் பிரசுரித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியியலாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.