வயலில் நின்று சொல்லித்தர ஆசிரியர் வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அக்ரி குரூப் எனப்படும் வேளாண் தொழிற்பிரிவின் செய்முறைத் தேர்வு இந்த ஆண்டு நடந்த விதம் தங்களுக்குத் தெரிந்ததுதான். ரெக்கார்டு நோட்டில் மண் மாதிரி எடுக்கும் படத்தை அழகாக வரைந்திருந்த பிள்ளைகள், கையில் மண்வெட்டியைக் கொடுத்ததும் வரப்போரமாக, எருக்குவியலை ஒட்டி ஒரே வெட்டு வெட்டி மண்ணை அள்ளி வந்தார்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அக்ரி ஆசிரியர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தாவரவியல் ஆசிரியர்தான் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார்.

மண் மாதிரி சின்ன வேலை இல்லை. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில வி எழுத்துப் போல 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, உள்மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு பக்கச் சரிவிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவ வேண்டும். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். வரப்படி, மரநிழல், எருக்குழி, உரம் போட்ட இடம் எதிலும் எடுக்கக் கூடாது. எருக்குவியல் பக்கத்து மண்ணைச் சோதனைக்கு அனுப்பினால் சத்து மிகுதி என்று முடிவு வரும். அதை நம்பி உரத்தைக் குறைக்கிறவர் வீட்டில் அந்தப் போகம் நெல் குறையும். இதை வயலில் நின்றுதான் சொல்லித்தர முடியும்.

நெல் விதையை உப்புக் கரைசலில் போட்டுப் பதரைப் பிரிப்பதும் அப்படியே. முட்டை மிதந்து பழைய நாலணா அளவுக்கு மேலே தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். மூழ்கிய விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், இல்லாவிட்டால் முளைப்பு கெடும் என்பது பலருக்குத் தெரியவில்லை. பயிர்நோயைத் தடுக்கும் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிரைக் கிலோவுக்கு 10 கிராம் கலக்கிற விதையில் பூஞ்சாணக்கொல்லியையும் சேர்த்தால் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும் என்று சொல்லவும் ஆளில்லை.

எனவே எங்கள் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: காலியாக உள்ள வேளாண் தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புங்கள். அப்படி வருகிறவர்களுக்கு ஒரு முழுப் போகம் வயலில் பயிற்சி கொடுங்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழக நிதியில் தற்காலிகமாக ஒருவரை வைப்பது இதற்கு மாற்றாகாது. ஜூனில் அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் முதல் போகமான கார் பருவத்தின் நாற்றங்கால் காலம் கடந்துவிடுகிறது. அடுத்த போகமான பிசானத்தின் அறுவடை சமயத்தில் பொதுத்தேர்வு வருகிறது. அடுத்த ஜூனில் வேறு ஆள். விதைப்பு முதல் அறுப்பு வரை ஒரே பயிரைப் பிள்ளைகளோடு பார்த்து முடிக்கிற ஆசிரியர் யார்?

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்விலும் மாற்றம் வேண்டும். கொள்குறி வினா மட்டும் போதாது. அரை நாள் வயல் தேர்வு வையுங்கள். தேர்வு எழுத வருகிறவர் கைத்தெளிப்பானைக் கழற்றி வாஷர் மாற்றிப் பூட்டட்டும். களைக்கொல்லிக்கு எந்த நாசில் (தெளிப்பு முனை), பூச்சிமருந்துக்கு எந்த நாசில் என்று காட்டட்டும். கொய்யாவில் ஒரு விண்பதியம் (கிளையிலேயே வேர்விடச் செய்யும் பதியம்) கட்டட்டும்.

பிறகு பயிற்சி. பி.எஸ்சி. அக்ரி முடித்தவர் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயின்றவர்தான். ஆனால் முப்பது பிள்ளைகளை அரிவாளோடு வயலில் இறக்கி, ஒரு கீறல் இல்லாமல் கூட்டி வருவது தனி வித்தை. தெளிப்பானைப் பிள்ளைகளுக்கு வெறுந் தண்ணீரில்தான் பழக்க வேண்டும். மருந்து டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை நஞ்சின் கடுமையைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. அம்பை 16 நெல் ரகத்தைத் தந்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இங்கேயே இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வாரம் ஒரு நாள் ஆசிரியர்களை அங்கே அனுப்பினால் பிசானம் முழுவதையும் பார்த்துவிடுவார்கள்.

1978-இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவும் வந்தபோது, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்போடு ஒரு தொழிலும் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பினோம். இன்று வயலுக்கு ஆளில்லை, இளைஞர்கள் வருவதில்லை என்று மேடைதோறும் பேசுகிறார்கள். தானாக விரும்பி அக்ரி குரூப் எடுத்த பிள்ளைக்கு வாத்தியாரைக் கொடுக்காமல் அந்தப் பேச்சு பேசுவது எங்களுக்கு வலிக்கிறது. சேர்க்கை குறைந்துவிட்டது என்று இந்தப் பிரிவையே மூடவும் யோசிக்கிறார்களாம். ஆசிரியர் இல்லாத பிரிவில் யார் தன் பிள்ளையைச் சேர்ப்பார்?

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருள்க. பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: பணியிடங்களை நிரப்புங்கள், ஒரு போகம் பயிற்சி கொடுங்கள். கால அட்டவணையில் செய்முறைக்கு இரண்டு பாடவேளையை அடுத்தடுத்து ஒதுக்குங்கள். முக்கால் மணி நேரத்தில் வயலுக்குப் போய், கால் கழுவி, வகுப்புக்குத் திரும்ப முடியாது. வரும் பிசான நாற்றங்காலுக்கு முன் ஆணை வந்தால் இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசன விவசாயிகளும் அக்ரி குரூப் பிள்ளைகளின் பெற்றோரும்