நாவல் எழுதறவருகிட்ட வாய்க்காலைப் பத்தி ஏனுங்க கேக்கறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல ஒரு பெரிய எழுத்தாளர் பேட்டி ரெண்டு பக்கத்துக்கு வந்துச்சுங்கல்ல, அதைப் பத்தித்தான் எழுதறேன். அவர் பேரை நான் போடலீங்க, படிச்சவங்களுக்குத் தெரியும். வருசா வருசம் ஈரோடு புத்தகத் திருவிழாவுல அவர் புக்கு புதுசா வந்திருக்குதான்னு மொதல்ல தேடறவ நானு, அதனால அவர் மேல பொறாமைல எழுதறேன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

பேட்டில நாவலைப் பத்திக் கேட்டது கால் பக்கம்கூட தேறாதுங்க. மிச்சமெல்லாம் நீட்டு, இடஒதுக்கீடு, ஜிஎஸ்டி, காவிரி, அப்பறம் கடைசில எங்க கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போடலாமாங்கற விசயம். அதுக்கு அவர் நாலு வரில பதில் சொல்லிட்டாரு, மண்ணுல ஓடற தண்ணிய கான்கிரீட்டுக்குள்ள அடைக்கறது பாவம், அதை விவசாயியே கேக்கறது அறியாமைன்னு. நீங்களும் அந்த வரியவே கொட்டை எழுத்துல தலைப்பா போட்டுட்டீங்க. மறுநா விடியறதுக்குள்ள எங்க பாசன சபை வாட்ஸப் குரூப்ல அந்தத் தலைப்ப போட்டோ புடிச்சுப் போட்டு, இனிமே பேச என்ன இருக்குது, இவ்வளவு பெரிய மனுசன் சொல்லிட்டாரேன்னு ஒருத்தர் எழுத, அதுக்கு கீழ கைதட்டற பொம்மை வரிசையா வந்து விழுந்துச்சுங்க.

பேச என்ன இருக்குதுன்னு கேட்டா நெறைய இருக்குதுங்க. பவானிசாகர்ல ஆரம்பிச்சு 200 கிலோமீட்டர் ஓடற வாய்க்கால், அதுல பாசனமாகற ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். தண்ணி எல்லாத்துக்கும் ஒரே சமயத்துல பத்தாதுன்னு ஒத்தைப்படை மதகு ரெட்டைப்படை மதகுன்னு பாதி பாதியா பிரிச்சு, 1,03,500 ஏக்கருக்கு ஒரு போகம் நெல்லுக்கு விட்டா மறு பாதிக்கு அடுத்து கடலை எள்ளுக்கு விடுவாங்க, அடுத்த வருசம் அப்படியே மாத்தி. 1950கள்ல கட்டின மண் கரைங்க அது. ஒடைப்பு எடுக்குது, வாய்க்கால் முடியற கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரலைன்னு சொல்லித்தான் கான்கிரீட் போடற 709 கோடி ரூபாய் சீரமைப்புத் திட்டம் வந்துச்சு. அதுக்கு எதுத்தாப்புல உண்ணாவிரதம் நடந்துச்சு, வேலைய சீக்கிரம் ஆரம்பின்னு மறுபக்கம் போராட்டம் நடந்துச்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சு.

எங்க தோட்டம் அறச்சலூர் பக்கம், வாய்க்காலுக்கு சித்த கீழ. வாய்க்கால்ல தண்ணி வந்துச்சுன்னா கெணத்துல படி ஒண்ணொண்ணா முழுகறத கண்ணால பாக்கலாம், அந்தக் கசிவுதான் எங்க தென்னைக்கு உசுரு. எங்க நங்கையா, அதாவது அண்ணி, ஊடு காங்கயம் தாண்டி கடைமடைல. அங்க மதகுல தண்ணி கணுக்கால் அளவு வரும், வந்துச்சேன்னு நாத்து உட்டா பாதில முறை முடிஞ்சுதுன்னு ஷட்டரை எறக்கிருவாங்க. கான்கிரீட் போட்டா நம்ம கெணறு போச்சுன்னு என்ற ஊட்டுக்காரர் சொல்றாரு, போடலீன்னா எங்க பயிரு போச்சுன்னு நங்கையா சொல்றாங்க, ஒறம்பரை சேந்தா சோத்துல கைய வெச்சுட்டே இந்த சண்டைதான். ரெண்டு பேருமே அறிவு கெட்டவங்க இல்லைங்க. நடுவுல வாய்க்காலோரம் கெணறு வெட்டி எங்கியோ இருக்கற தோப்புக்கு பைப் போட்டு இழுக்கறவங்க இருக்கறாங்க, அவங்க இந்த ரெண்டு பக்கத்துலயும் சேராம சத்தமில்லாம இருக்கறாங்க. இது எதுவுமே அந்த நாலு வரிக்குள்ள இல்லீங்க. கடைமடைக்காரி கேக்கறது அறியாமைன்னு மட்டும் இருக்குது. என்ற கெணத்துக்கு சாதகமான பதில்தான், இருந்தாலும் படிக்கறப்ப எனக்கு சங்கடமாத்தான் இருந்துச்சு.

இதைச் சொன்னா ஒடனே ஒரு கூட்டம் வரும், ஆமா ஆமா எழுத்தாளனுக்கு எதுக்கு அரசியல், கதைய எழுதிட்டு மூடிட்டு இருக்கச் சொல்லுங்கன்னு. அவங்க கூட என்னை சேத்தாதீங்க. மாதொருபாகன் நாவலுக்காக திருச்செங்கோட்டுல எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்தத இந்தப் பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டோம், 2015 ஜனவரில இனி எழுதலீன்னு அந்த மனுசனையே சொல்ல வெச்சாங்க, 2016 ஜூலைல ஐகோர்ட்டு வந்து புடிக்கலீன்னா படிக்காத, எழுதறவர எழுத உடுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எழுதறதுக்கும் பேசறதுக்கும் அவங்களுக்கு முழு உரிமை இருக்குதுங்க, வாய்க்கால் பத்தியும் பேசட்டும், சந்திரயான் பத்தியும் பேசட்டும். நான் கேக்கறது வேற. பேசறவர் நாவல் நல்லா போகுதுங்கறதுக்காக அவர் பேச்சுக்கு ஏன் எச்சா எடை போடறோம்?

எடை போட வேண்டிய எடமும் இருக்குதுங்க. சாதி எப்படி ஊட்டுக்குள்ள வேலை செய்யுதுன்னு ஒரு நல்ல நாவலாசிரியனுக்குத் தெரியற அளவுக்கு கலெக்டருக்குத் தெரியாது. 2016-ல உடுமலைப்பேட்டைல பட்டப்பகல்ல நடுரோட்டுல, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினதுக்காக சங்கரை வெட்டின அந்தக் கொலைய கேமராவுல நாடே பாத்துச்சு, வெட்டுனது யாருன்னு கேமரா காட்டுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஊட்டுக்குள்ள சோறு பரிமாறிட்டே என்னென்ன பேசியிருப்பாங்க, யார் அழுதிருப்பாங்க, யார் அழுகாம இருந்திருப்பாங்கன்னு எந்தக் கேமராவுலயும் வராது. அதை இந்த மண்ணுல பொறந்து வளந்து எழுதறவங்க சொன்னா நான் உக்காந்து கேப்பேன், என்ற சாதிக்காரங்களத் திட்டினாலும் கேப்பேன். 1942-லயே ஆர். சண்முகசுந்தரம் நாகம்மாள் நாவல்ல ஒரு கைம்பெண்ணையும் ஒரு காட்டுப் பாகப்பிரிவினையையும் வெச்சு எங்க ஊட்டுப் பொம்பளைங்களப் பத்தி எழுதினதுல இருக்கற சமூக விசயம் அன்னைக்கு எந்தத் தலைவர் பேச்சுலயும் வந்திருக்காதுங்க.

ஆனா அதே ஆளு தண்ணிக் கணக்கு சொல்றப்ப வெறும் இன்னொரு ஆளுதான். அங்க அவர் கணக்கைக் காட்டணும். அருந்ததி ராய் நர்மதை அணையப் பத்தி 1999-ல எழுதினப்ப, எத்தனை பேர் எடம் பெயர்ந்தாங்க, எத்தனை பேருக்கு தண்ணி கெடைக்கும்னு நம்பரை எடுத்து வெச்சு எழுதினாங்க. அதுல தப்பு இருக்குதுன்னு சொல்றவங்க அந்த நம்பரைப் புடிச்சு சண்டை போட முடிஞ்சுது, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ் மாதிரி ஆளுங்க போடவும் செஞ்சாங்க. அது பேச்சு. பாவம், அறியாமைன்னு சொல்லிட்டுப் போனா யாரு எதைப் புடிச்சு சண்டை போடறதுங்க?

நம்மூர்ல இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு ரோசனை பண்ணினா, எழுதறவங்களும் அரசியல் பண்றவங்களும் இங்க ரொம்ப நாளா ஒரே ஆளா இருந்தாங்க. பாரதியார் சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி 1921-ல எங்க ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைல வந்து பேசினாரு, மனிதனுக்கு மரணமில்லைன்னு தலைப்பு. அவரு பாட்டு நல்லா எழுதினாருங்கறதுக்காக அரசியல்ல அவரை நம்பல, பத்திரிகை நடத்தி, வாரண்டுக்குத் தப்பி பத்து வருசம் பாண்டிச்சேரில கெடந்தவரு. அப்பவும் ஜெயிலுக்குப் போனவன் சொன்னதெல்லாம் சரியாயிடாதுங்கறதும் உண்மை. அண்ணா நாடகம் எழுதினாரு, ஆனா 1962-ல காஞ்சிபுரத்துல ஜனங்க தோக்கடிச்சாங்க, 67-ல ஆட்சிக்கு வந்தாரு. அவர் பேச்சுக்கு மார்க்கு போடறதுக்கு ஜனங்க கைல ஓட்டு இருந்துச்சு. இன்னைக்கு பேட்டி குடுக்கறவருக்கு என்னங்க இருக்குது? வாய்க்கால் விசயத்துல அவர் சொன்னது தப்பாப் போனாலும் அடுத்த நாவல் அதே மாதிரி விக்கும், நானே வாங்குவேன். தப்பினா நஷ்டம் ஒண்ணு எனக்கு, இல்லீன்னா நங்கையாவுக்கு.

பெரியாரு இதே ஈரோட்டுல 1925-ல குடி அரசு ஆரம்பிச்சவரு, நான் சொல்றேங்கறதுக்காக நம்பாத, உன்ற புத்திக்கு சரின்னு பட்டா எடுத்துக்கன்னு ஊரு ஊராப் போய் சொன்னாரு. அவர் சொன்னத மேடைல சொல்லி கைதட்டு வாங்கற எழுத்தாளருங்க யாராவது பேட்டிக்கு நடுவுல, இந்த விசயம் எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லி நான் இன்னும் படிக்கலீங்க.

அவரை மட்டும் குத்தம் சொல்லியும் பிரயோசனமில்லை. மைக்க நீட்டினது நீங்க. நீட்டினதுக்கு அப்பறம், ஏனுங்க வாய்க்கால் கரைக்குப் போயிருக்கறீங்களா, கடைமடைல யாருகிட்டயாச்சும் பேசினீங்களான்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா பேட்டியே வேற மாதிரி இருந்திருக்கும், அவருக்கும் அது மரியாதையா இருந்திருக்கும். ஒரு லஸ்கர் இருக்கறாருங்க, ராத்திரி டார்ச்ச வெச்சுட்டு கரை மேல நடந்து எந்த எடத்துல ஊத்து எடுக்குதுன்னு பாக்கறவரு, எந்த மதகுல யாரு ஷட்டர தூக்கறாங்கன்னு பேரோட தெரிஞ்சவரு. அவர் பேட்டி எந்தப் பேப்பர்லயும் நான் பாத்ததில்லை, அவர் மூஞ்சிக்குப் பேப்பர் விக்காதுங்கறதும் எனக்குத் தெரியும். அதுக்காக அவரையும், ஒரு கடைமடை விவசாயியையும், நீர்வளத்துறை இன்ஜினியர் ஒருத்தரையும் ஒக்கார வெச்சு அரைப் பக்கம் போட முடியாதுங்களா? அந்த எழுத்தாளரையும் கூப்புடுங்க, அவங்க பேசறதக் கேட்டுட்டு அவர் என்ன எழுதறாருன்னு பாக்கலாம், அது நல்லா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

கடிதம் நீளமாயிருச்சு, வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும். வெட்டறதா இருந்தா அண்ணா, பாரதியார் பத்திய வெட்டிக்குங்க, கடைமடை மதகு பத்தி எழுதினத மட்டும் உட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அறச்சலூர், ஈரோடு மாவட்டம்